காருக்காக வெட்டிய ஏற்றம்

எங்கள் வீட்டு முற்றத்துக்கு ஏறுகிற ஏற்றத்தை வெட்டிச் சரிசெய்தது என் கை ஒடிந்ததால்தான் என்று சர்ச் சபையில் இன்னும் சில பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி என்னிடமே வந்து, இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். கை ஒடிந்தது ஜூன் மாதம். ஜேசிபி வந்தது மறு வருஷம் பிப்ரவரியில். இடைப்பட்ட எட்டு மாதத்தில் என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கருங்கலிலிருந்து மார்த்தாண்டம் போகும் வழியில் ஒரு கிளை ரோட்டில் எங்கள் வீடு. ரோட்டை விட ஐந்தடி உயரத்தில் மனை. என் கணவர் அப்போது கல்ஃபில் ஒரு ரோடு கம்பெனியில் சூப்பர்வைசர். மனையின் போட்டோவைப் பார்த்துவிட்டு, மண்ணை வெட்டித் தாழ்த்தவே கூடாது, வீடு ரோட்டில் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று போனில் உத்தரவு போட்டார். அப்படியே கட்டினோம். போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். வீட்டுக்குள் இருக்கிறவர்கள் குனிந்து, சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கினோம்.

கேட்டிலிருந்து முற்றம் வரை இருபது அடி. அந்த இருபது அடிக்குள் ஐந்தடி ஏற வேண்டும். நான் ஹைஸ்கூலில் முப்பத்தோரு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். பதினாலு டிகிரிச் சரிவு என்பதைப் பேப்பர் இல்லாமலே சொல்வேன். பழைய கல்லும் சரளும் போட்டு மேலே சிமெண்ட் பூசிய பாதை, அங்கங்கே பெயர்ந்து, மழைக்காலம் வந்தால் பாசி பிடித்துக் கிடக்கும். கேஸ் கொண்டுவருகிறவன் சிலிண்டரைக் கேட்டிலேயே இறக்கிவிட்டு மணியடிப்பான். மீன்காரி கீழேயே நின்று சாளை வந்திருக்கிறது, நெத்திலி வந்திருக்கிறது என்று சொல்வாள். அவள் ஏறி வந்து நான் பார்த்ததில்லை. பாத்திரத்தோடு நான் இறங்குவேன், மீனோடு ஏறுவேன்.

ஒவ்வொரு லீவுக்கு வரும்போதும் அவரிடம் சொல்வேன். அவர் கேட்டருகே போய், இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, ஏற்றத்தை மேலும் கீழும் பார்ப்பார். பாலைவனத்தில் எத்தனையோ கிலோமீட்டர் ரோடு போட்டவர் பார்க்கிற பார்வை அது. பிறகு உள்ளே வந்து, அடுத்த லீவில் செய்துவிடலாம் என்பார். அப்படிப் பதினாலு லீவு போனது. கடைசியில் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்தார். இனி லீவு என்று சொல்ல வழியில்லாததால், மழை முடியட்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் மழை எந்த மாதம் முடிகிறது என்று யாராவது கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லலாம்.

நான் ஓய்வு பெற்ற மறுமாதம் விழுந்தேன். காலை ஒன்பது மணி, நல்ல சாரல். பாங்குக்குப் போக இறங்கியவள் பாதி வழியில் கால் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் ஒரு சத்தம் கேட்டது. கூப்பிட்டதும் அவர் வந்துவிட்டார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வருவதற்கு முன் குடையைத் தேடியிருக்கிறார். குடைக்கடியில் நின்றுகொண்டு, மழையில் கிடக்கிற என்னிடம், எழும்ப முடியுமா என்று கேட்டார்.

மார்த்தாண்டத்தில் ஓர் ஆசுபத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் அவர்தான் கஞ்சி வைத்தார். கரண்டியைக் குத்தி நிறுத்தினால் சாயாமல் நிற்கும் கஞ்சி. சபையிலிருந்து கூட்டம் கூட்டமாகப் பார்க்க வந்தார்கள், ஜெபித்தார்கள். எப்படி விழுந்தீர்கள் என்று என்னைத்தான் கேட்பார்கள், பதிலை அவர் சொல்வார். "செருப்புதான் காரணம். அடி தேஞ்ச செருப்பு. மாத்து மாத்துன்னு நானும் சொல்லிட்டேதான் இருந்தேன்." வந்தவர்கள் எல்லாரும் வாசலில் கிடக்கிற என் செருப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். அந்தப் பாசி பிடித்த ஏற்றத்தில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஏறி வந்தவர்கள்தான் அவர்கள். இறங்கும்போதும் அப்படியே பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்கள். ஒருவருக்குக்கூட ஏற்றத்தின் மேல் சந்தேகம் வரவில்லை. சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் சேர்ந்து எனக்கு ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கித் தந்தார்கள்.

கட்டு பிரித்த பிறகு ஏற்றத்தைப் பற்றி ஒரு தடவை கேட்டேன். கைதான் சரியாகிவிட்டதே என்றார்.

பிறகு கார் வந்தது. வெள்ளை நிறம். ரோட்டோடு ஒட்டிப்போகிற மாதிரி தாழ்வான வண்டி. உயரமான வண்டியாக எடுக்கலாமே என்று மகன் பெங்களூரிலிருந்து போனில் சொன்னதற்கு, அதெல்லாம் டாக்சிக்காரர்கள் ஓட்டுவது என்று சொல்லிவிட்டார். போதகர் வந்து காரின் மேல் கைவைத்து ஜெபித்தார். பின் கண்ணாடியில் ஒரு பைபிள் வசனம் ஒட்டப்பட்டது. முதல் இரண்டு நாளும் காரைக் கேட்டுக்கு வெளியே, எதிர்வீட்டு மதிலோரம் நிறுத்தியிருந்தார். மூன்றாம் நாள், மேலே ஏற்றி முற்றத்தில் விடுகிறேன் என்று கிளம்பினார். முன் சக்கரம் முற்றத்தில் ஏறிய நேரம், அடியில் கரகரவென்று ஒரு சத்தம். சட்டியின் அடியைச் சிரட்டையால் சுரண்டுகிற மாதிரி.

வண்டியை நிறுத்தி இறங்கினார். சபைக்குக் கட்டிக்கொண்டு போகிற வேட்டியோடு அந்தச் சரளிலே மல்லாந்து படுத்து, தலையை வண்டிக்கடியில் விட்டுப் பார்த்தார். கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷத்தில் அவர் தரையில் படுத்து நான் பார்த்தது அன்றுதான். வெளியே வந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே, இந்த ஏற்றத்தை இப்படியே விட்டுவைத்தது பெரிய தப்பு என்று சொன்னார். நான் அப்போது வாசல் சிட்அவுட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இடது கையில் முருங்கைக் கொப்பு. மழை மேகம் கூடினால் இன்றும் வலிக்கிற கை. இலையை உருவிக்கொண்டேயிருந்தேன். பேசியிருந்தால் வேலை இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போயிருக்கும்.

மறுநாளே அவரோடு காலையில் நடக்கப் போகிற மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒருவர் இன்டர்லாக் கல் பதிக்கச் சொன்னார். இன்னொருவர் தார். மூன்றாமவர் வீட்டையே கொஞ்சம் தாழ்வாகக் கட்டியிருக்கலாம் என்று இருபது வருஷம் பிந்தி ஒரு யோசனை சொன்னார். நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் கொண்டுபோனேன். முற்றத்தைப் பத்தடி உள்ளே வெட்டி ஏற்றத்தை முப்பதடியாக நீட்டினால் சரிவு ஒன்பதரை டிகிரிக்கு இறங்கும், மேல்முனையிலும் கீழ்முனையிலும் கொஞ்சம் வளைத்துவிட்டால் வண்டி உரசாது, ஒரு ஓரத்தில் நடக்கப் படி வைக்கலாம் என்று சொன்னேன். என் கணவர் தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு அதை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"ஸ்கூல் கணக்கு வேற, சைட்டு கணக்கு வேற," என்றார். "நீ போய் நாலு சாயா போட்டு எடுத்துட்டு வா."

மூன்று நாள் கழித்துக் கொத்தனாரிடம் முற்றத்தைப் பத்தடி உள்ளே வெட்ட வேண்டும், முப்பதடி வர வேண்டும் என்று கை காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது அவர்தான். படியை மட்டும் விட்டுவிட்டார்.

கொத்தனார் ஐம்பது தாண்டியவர், அதிகம் பேசாதவர். மண்வெட்டியும் சட்டியுமாக அவர் மனைவியும் கூட வந்து வேலை செய்வாள். அவர் ஏற்றத்தின் குறுக்கே கயிறு பிடித்து அளந்துவிட்டுக் கேட்டார். "பன்னெண்டு அடி அகலம் கெடக்கே சாரே. ஆளு நடக்க ஒரு ஓரம் விட வேண்டாமா?"

இந்தக் காலத்தில் யார் நடக்கிறார்கள், எல்லார் வீட்டிலும் வண்டி இருக்கிறதே என்று என் கணவர் பதில் சொன்னார். அவர் வண்டியில்தான் போவார், நான் நடந்துதான் போவேன் என்பது கொத்தனாருக்கே தெரியும். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டார்.

ஜேசிபி வந்த அன்று முதல் வெட்டிலேயே கிணற்றிலிருந்து டாங்குக்குப் போகிற குழாய் உடைந்தது. இரண்டாம் வெட்டில் என் கறிவேப்பிலை மரம் போனது. என் கணவர் தலையில் தொப்பி வைத்துக்கொண்டு, கையை வீசி, டிரைவருக்கு அரபியும் இந்தியும் கலந்த ஏதோ பாஷையில் உத்தரவு போட்டார். டிரைவர் பக்கத்து ஊர்க்காரன். இரண்டு நாள் எதிர்வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்தேன், உடைந்து கிடந்த அந்த மண்மேட்டின் மேலேறி.

கான்கிரீட் போட்டு முடிக்கிற அன்று மாலையில்தான் தகராறு. கொத்தனார் துடைப்பத்தை எடுத்து, ஈரச் சிமெண்டில் குறுக்கே கோடு இழுக்கப் போனார். வழுக்காமல் இருக்கும் என்றார். என் கணவர் தடுத்துவிட்டார். கோட்டில் அழுக்குச் சேரும், டயர் தேயும், பார்க்கவும் மாட்டுத்தொழுவம் மாதிரி இருக்கும். அங்கே ஷேக்கின் வீட்டில் எப்படி இருந்தது தெரியுமா, முகம் பார்க்கலாம். அங்கே மழை உண்டா சாரே என்று கொத்தனாரின் மனைவி கேட்டாள். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கொத்தனார் பூச்சுக் கரணையை எடுத்துக் குந்தி உட்கார்ந்து, இருட்டுகிற வரை தேய்த்து மினுக்கிக் கொடுத்தார்.

கான்கிரீட்டைப் பத்து நாள் தண்ணீர் விட்டு நனைத்த பிறகு என் கணவர் காரை ஏற்றினார். ஒரு சத்தமும் இல்லை. சந்தோஷம் தாங்காமல் இறக்கி, மறுபடி ஏற்றி, இப்படி நாலு தடவை. நடக்கப் போகிற மூன்று பேரும் கேட்டருகே நின்று கைகட்டிப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் வெயிலில் நான் பயமில்லாமல் இறங்கி ஏறினேன். மீன்காரிகூட ஒருநாள் மேலே வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

ஜூன் முதல் வாரம் மழை பிடித்தது. அன்று கருங்கல் சந்தையிலிருந்து அவர் காரில் வந்தார். கேட்டைத் தாண்டிப் பாதி தூரம் ஏறியதும் முன் சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின. ரப்பர் கருகுகிற வாடை வந்தது. பிறகு வண்டி, யாரோ பின்னாலிருந்து மெல்ல இழுக்கிற மாதிரி, வந்த வழியே இறங்கிப் போய்க் கேட்டின் ஓரத்தில் முட்டி நின்றது. பின் கண்ணாடி தப்பியது. விளக்கு தப்பவில்லை. அன்றிலிருந்து மழைக்காலம் முழுவதும் கார் பழையபடி எதிர்வீட்டு மதிலோரம் நின்றது.

அந்த எதிர்வீட்டுக்காரிதான் மறுநாள் குடை பிடித்துக்கொண்டு கேட்டில் வந்து நின்றாள். நல்ல மனசுக்காரி, இரண்டு நாள் எனக்குத் தண்ணீர் தந்தவள். சண்டை போட வரவில்லை. "உங்க ஏத்தத்துக்க வெள்ளம் முழுக்க எங்க முற்றத்துலதான் வந்து நிக்கு டீச்சரே. கோழிக்கூடு மெதக்கு," என்றாள். முன்பு முற்றத்துத் தண்ணீர் பக்கவாட்டில் விளைத் தோட்டத்துக்குள் இறங்கிப் போகும். இப்போது அதற்கு முப்பதடி நீளத்தில் ராஜபாட்டை போட்டுக் கொடுத்திருந்தோம். நான் சொல்வதற்குள் என் கணவர் சிட்அவுட்டிலிருந்தே, இயற்கையை யார் தடுக்க முடியும் என்று சொல்லிவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

என் பாடு அதைவிட மோசம். பழைய பாதையிலாவது பெயர்ந்த இடத்தில் கால் ஊன்றலாம். இதில் நின்றால் நிற்கிற இடத்திலேயே வழுக்கும். தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று போதகர் கேட்டதற்கு, அவளுக்கு மூட்டுவலி என்று இவர் சொல்லியிருக்கிறார். எனக்கு மூட்டுவலி கிடையாது. அன்று முதல் யாரைப் பார்த்தாலும் தைலம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் கையெழுத்துப் போட பாங்குக்குப் போயே தீர வேண்டும். அவர் வெளியே போயிருந்தார். சாரல் நிற்கிற மாதிரி இல்லை. முற்றத்து முனையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு சேலையைச் சுருட்டிச் செருகி, உட்கார்ந்துவிட்டேன். ஒரு கையில் குடை, மறுகையில் பை. உட்கார்ந்தபடியே சின்னப் பிள்ளைகள் மாதிரி நகர்ந்து நகர்ந்து கீழே வந்தேன். பாதி வழி வந்ததும் நகரத் தேவையே இருக்கவில்லை. கேட்டருகே வந்து சேர்ந்த நேரம், பைக்கில் போன ஒருவன் நிறுத்தினான். என்னிடம் படித்தவன். பத்தாம் வகுப்பில் இவன் கை நீட்டி என்னிடம் அடி வாங்கியிருக்கிறான்.

"டீச்சரே, சுகமா இருக்கியளா?"

"இருக்கேன் மக்கா," என்றேன், உட்கார்ந்தபடியே.

அவன் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் எழுந்து சேலையைச் சரிசெய்கிற வரைக்கும் நின்று, பிறகு வண்டியை எடுத்தான். அவன் சிரித்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. பாங்குவரை ஈரச் சேலையோடு நடந்தேன். நடக்க நடக்கக் கோபம் கணவர் மேலிருந்து என் மேல் திரும்பியது. ஐந்தடி உயரத்துக்கு எத்தனை படி என்று கணக்குப் போடத் தெரிந்தவள், அதைக் கட்டுவதற்கு யாருடைய அனுமதிக்குக் காத்திருக்கிறேன் என்று தோன்றியது.

ஆகஸ்டில் சென்னையில் அவருடைய அண்ணன் மகனுக்குக் கல்யாணம். அப்படியே பெங்களூர் போய் மகன் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருவதாகத் திட்டம். என்னையும் கூப்பிட்டார். எனக்கு மூட்டுவலி என்று சொன்னேன். ஊருக்கெல்லாம் அதைச் சொன்னவரே அவர்தான், தனியாகப் பெட்டி கட்டினார். அவர் ரயிலேறிய அன்றே கொத்தனாருக்குப் போன் செய்தேன். நல்லவேளை, வெயிலும் அடித்தது.

கொத்தனார் வந்து பார்த்துவிட்டுத் தயங்கினார். "சாரு வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன் டீச்சரே?"

"டீச்சர் சொன்னா, நான் செஞ்சேன்னு சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கிடுவேன்."

எங்கள் மதிலோரம் படிக்கு மூன்றரை அடியை விட்டு, மிச்சம் எட்டரை அடி காருக்கு. பத்துப் படி. ஒவ்வொன்றும் ஆறங்குல உயரம், முன்பின் மூன்றடி அகலம். ஸ்கூலில் கரும்பலகையில் கோடு போட வைத்திருந்த நீள மர ஸ்கேல் பீரோவின் மேல் கிடந்தது, அதைத் துடைத்து எடுத்தேன். சாக்பீஸால் நானே குறித்தேன். வெயிலில் முதுகு வலிக்கக் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, முப்பத்தோரு வருஷம் சொல்லிக்கொடுத்ததை முதல்தடவையாக எனக்கென்று பயன்படுத்துகிறேன் என்று நினைத்தேன். உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தது மனசு. கொத்தனார் தன் தண்ணீர் டியூப் மட்டத்தை வைத்துச் சரிபார்த்துவிட்டு, எல்லாம் ஒத்து வருகிறது என்றார். மீதிப் பாதையில் மெஷினை வைத்துக் குறுக்கே கோடு கோடாக அறுத்தார். கேட்டின் குறுக்கே ஒரு சின்ன ஓடை வெட்டி, மேலே இரும்புச் சல்லடை போட்டு, தண்ணீரை ரோட்டு ஓடையில் திருப்பிவிட்டோம். எதிர்வீட்டுக்காரி இரண்டு வேளை எல்லாருக்கும் சாயா கொண்டுவந்தாள்.

கைப்பிடிக் கம்பி வைக்கும்போது கொத்தனாரின் மனைவி தடுத்தாள். "இன்னும் கொஞ்சம் தாழ்த்தி வைக்கணும் டீச்சரே. எறங்கும்போதுதான் பிடி வேணும். தலச்சுமையோட எறங்கிப் பாத்தவளுக்குத்தான் அது தெரியும்." அவள் சொன்ன உயரத்திலேயே வைத்தோம். இன்று வரை அது சரியான உயரம்.

எட்டு நாளில் வேலை முடிந்தது. பத்தாம் நாள் காலை ஆட்டோவில் வந்து இறங்கியவர், பெட்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டருகே நின்றுவிட்டார். பழையபடி இடுப்பில் கையூன்றப் போனார், ஒரு கையில் பெட்டி இருந்ததால் முடியவில்லை.

"இது ஆரு செய்யச் சொன்னது?"

"நான்," என்றேன்.

"காரு இடிக்காதா?"

"எட்டரை அடி இருக்கு. காருக்குக் கண்ணாடியோட சேத்து ஆறடி மூணு அங்குலம். நான் அளந்தேன்."

அவர் பாதையைப் பார்த்தார், படியைப் பார்த்தார். பெட்டியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து, படிவழியாக ஏறி வந்தார். குளித்தார், சாப்பிட்டார், அந்தப் பேச்சே எடுக்கவில்லை. சாயங்காலம் சாயா குடிக்கும்போது, கம்பிக்குப் பச்சை பெயின்ட் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும் என்றார். அது சமாதானம் என்று எனக்குப் புரிந்தது. அதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் வராது என்பதும் புரிந்தது.

ஐப்பசி மழையில் கார் வழுக்காமல் ஏறியது. நடக்கப் போகிற மூன்று பேரும் படியில் ஏறி இறங்கிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான், ஜேசிபி வரும்போதே படிக்காக ஓரத்தை ஒதுக்கி வைத்ததாக இவர் சொல்ல ஆரம்பித்தது என் காதுக்கு வந்தது. இரண்டு கட்டமாகச் செய்தாராம். சைட்டில் அப்படித்தான் செய்வார்களாம்.

போதகர் வீடு சந்திக்க வந்த அன்று இவர் அதை என் முன்னாலேயே சொன்னார். போதகர் படியை வாயாரப் புகழ்ந்துவிட்டு, எல்லாம் பிளானிங்தான் இல்லையா என்று இவரிடம் கேட்டார். இவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஆமாம் என்றார். நான் பிஸ்கட் தட்டைக் கீழே வைத்தேன்.

"படி நான் கட்டினது ஐயா," என்றேன். "வழுக்கினது மட்டும்தான் அவரு கட்டினது. பின்ன, எனக்கு மூட்டுவலியும் இல்ல."

போதகர் ஒரு பிஸ்கட்டை எடுத்து, அதைச் சாயாவில் முக்கி, ரொம்பக் கவனமாகச் சாப்பிட்டார். என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கம்பிக்குப் பெயின்ட் அடித்தது தான்தான் என்றார். அது உண்மை. இரண்டு நாள் முந்தித்தான் அடித்திருந்தார், மழை ஈரத்தில் காயவே இல்லை. ஜெபித்துவிட்டுக் கம்பியைப் பிடித்து இறங்கிப் போன போதகர், கீழே போய் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் மேலிருந்து பார்த்தேன்.